பி.சி.ஜி.யில் இல்லாத புரதம்

மதுரை

அன்புள்ள நண்பா,

திருமங்கலத்தில் எல்லாரும் நலம் என்றறிந்து மகிழ்ச்சி. இங்கும் நலமே. காசநோய்த் (டி.பி.) தடுப்பூசியான பி.சி.ஜி.யில் உயிருள்ள கிருமியைத்தானே போடுகிறோம், பெரியவர்களுக்கு ஏன் காப்பு நிற்பதில்லை என்று கேட்டிருந்தாய்.

பி.சி.ஜி.யை உருவாக்கிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் கால்மெட்டும் கெரானும் 1908 முதல் 13 ஆண்டுகள், 230 தடவை மாட்டுக் காசநோய்க் கிருமியை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். அதற்குள் ஆர்.டி.1 என்ற மரபணுத் துண்டு போய்விட்டது. ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 என்ற இரு புரதங்களும் அதில்தான் இருந்தன. தன்னை விழுங்கிய எதிர்ப்புச் செல்லுக்குள் அடைத்து வைக்கும் பையைக் கிழித்து வெளியே வர நோய்க்கிருமிக்கு இவை வேண்டும். பி.சி.ஜி. பெரும்பாலும் பைக்குள்ளேயே கிடக்கிறது. அதனால் கிருமி புகுந்த செல்களைக் கொல்லும் சி.டி.8 செல்களுக்குச் சேதி சரியாகப் போவதில்லை. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் டி.பி.யைத் தடுக்க அது போதும். பெரியவர்களின் நுரையீரலுக்குப் போதவில்லை. 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு 15 ஆண்டுப் பின்தொடர்தலில் காட்டியதும் அதைத்தான். பழியை இந்தப் புரதங்கள் இல்லாததன்மேல் மட்டும் போடாதே. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள பிற மைக்கோபாக்டீரியாக்களுக்கு (டி.பி. கிருமியின் உறவுக் கிருமிகள்) உடல் முன்பே பழகியிருப்பதையும் ஆய்வாளர்கள் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆர்.டி.1ஐத் திரும்பச் சேர்த்தால்? எலிகளிடம் காப்பு கூடியது. எதிர்ப்பாற்றல் இல்லாத எலிகளிடம் கிருமியும் கூடுதலாகப் பெருகியது. பி.சி.ஜி.யை மாற்றிச் செய்த வி.பி.எம்.1002 தடுப்பூசி வேறு வழியில் போகிறது. பையைத் துளைக்க லிஸ்டீரியா என்ற வேறொரு கிருமியின் லிஸ்டீரியோலைசின் புரதத்தைச் சேர்த்திருக்கிறார்கள். அது அமிலத்தில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், அமிலத்தைக் குறைக்கும் யூரியேஸ் நொதியை நீக்கிவிட்டார்கள். அழகான யோசனை.

மனித டி.பி. கிருமியையே வலுவிழக்கச் செய்து உருவாக்கிய எம்.டி.பி.வேக் தடுப்பூசியில் ஈசாட்-6 உண்டு. அங்கேதான் எனக்குக் கவலை. டி.பி. தொற்றைக் கண்டறியும் சை-டிபி தோல் சோதனை ஈசாட்-6, சி.எஃப்.பி.-10 இரண்டையும் வைத்தே நடக்கிறது: 0.1 மி.லி. முன்கையில், 48–72 மணிக்குள் தடிப்பு 5 மி.மீ. அல்லது மேல் என்றால் பாசிட்டிவ். பழைய மாண்டூ தோல் சோதனையைக் குழப்புவதுபோல் பி.சி.ஜி. இதைக் குழப்பாது. எம்.டி.பி.வேக் போட்டவருக்குக் குழப்பலாம்.

உன் வேலைக்கு இன்னொன்று. பி.சி.ஜி. போட்ட குழந்தையின் அக்குள் கட்டிச் சீழில் வளர்ந்த கிருமிக்கு, டி.பி. இனக் கிருமியின் புரதத்தைத் தேடும் எம்.பி.டி.64 அட்டைச் சோதனை நெகட்டிவ் வந்தால், டி.பி. இனமே இல்லை என்று முடிவுகட்டாதே. பி.சி.ஜி.யும் டி.பி. இனம்தான்; ஆனால் டேனிஷ் 1331 வகை பி.சி.ஜி.யில் அந்தப் புரதமும் கிடையாது. மாஸ்கோ வகையில் உண்டு. சீழ் அனுப்பும் சீட்டில் ஊசி போட்ட தேதியோடு குப்பியில் உள்ள வகைப் பெயரையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்