முன்சில்லின் படம்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கிணற்றடி மாமரம் இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது. மற்ற ஊர்ப் புதினங்களை அம்மா சொல்லுவார். நீ அனுப்பிய படத்தைப் பற்றி எழுதவே நான் உட்கார்ந்தேன்.

"புதுச் சில்லு எப்படியப்பா?" என்று கேட்டிருந்தாய். சில்லு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாற்பது வருடமாகச் சில்லைக் கழற்றி அதற்குப் பின்னால் இருப்பதையே பார்த்துப் பழகிய எனக்குக் கண் அங்கேதான் போனது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிரேக் டிஸ்க்கின் மேல் நீலமும் ஊதாவும் கலந்து ஒரு வளையம் ஓடுகிறது. துளைகளின் ஓரத்தில் தலைமயிர் போல மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. நீ வாங்கியபோது சிவப்பாக இருந்த டிஸ்க்கைக் கவ்வும் கலிபரின் பெயின்ற், டிஸ்க்கை ஒட்டிய பக்கத்தில் கருகிக் கபில நிறமாகிவிட்டது. டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேட்டில் மீதியிருப்பது இரண்டு காசுகளை அடுக்கிய தடிப்பு. வேலைக்குப் போய்வருகிற காரின் பிரேக் இப்படி ஆகாது, பிள்ளை. முன் பம்பரின் இடது மூலையும் மற்றப் பக்கத்தைவிடச் சற்று வேறு நிறமாகத் தெரிந்தது. வெளிச்சத்தின் காரணமாக இருக்கலாம்.

ஜேர்மனியின் நூர்பூர்க்ரிங் பந்தயத் தடத்தில், அதன் வடக்கு வளையத்தில், ஒரு சுற்று 20.8 கிலோமீற்றர் என்று சொன்னாய். இங்கிருந்து நிலாவெளியைத் தாண்டிப் போகும் தூரம் அது. அத்தனையும் ஏற்றம், இறக்கம், வளைவு. நீ பொறியியல் படித்தவள், உனக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மணிக்கு 180 கிலோமீற்றரில் போகும் வண்டியை நிறுத்தும்போது எழும் வெப்பம், 60 கிலோமீற்றரில் எழுவதைப்போல் மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்கு என்பதை ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் நினைத்துக்கொள். அந்த வெப்பத்தின் பெரும்பகுதியை வாங்குவது அந்த டிஸ்க்கும் உள்ளங்கையளவு பேட்டும்தான்.

வீதிக்கும் பந்தயத் தடத்துக்கும் ஒரே பேட் கேட்கிறவர்கள் பலர். வீதிப் பேட் காலையில் குளிர்ந்திருக்கும்போதே பிடிக்கும், சத்தம் போடாது, டிஸ்க்கைத் தின்னாது. ஆனால் வெப்பம் 350, 400 பாகையைத் தாண்டினால் அதிலுள்ள பிசின் எரிந்து ஆவியாகி, பெடல் கல்லுப்போல் இருந்தும் வண்டி நிற்காது. பந்தயப் பேட் 600 பாகைக்கு மேலும் சளைக்காது. ஆனால் சூடேறும்வரை அது அரைத் தூக்கத்தில் இருக்கும். மழைநாளில் உங்கள் நெடுஞ்சாலையில் முன்னால் போகிறவன் திடீரென்று நின்றால், அதைச் சூடாக்க உனக்கு நேரம் இருக்காது. ஆகவே என் எண்ணம் இதுதான். நீ அதே சில்லில் வீதி வழியே அங்கு போய் வீதி வழியே திரும்புகிறவள் என்பதால், வீதிப் பாவனைக்கான ஆர்-90 அங்கீகார முத்திரை உள்ளவற்றில் அதிக வெப்பம் தாங்கும் பேட்டை வாங்கு. முத்திரை இல்லாததைப் போட்டால் அங்கே வண்டிக்கு வீதி அனுமதியே இல்லாமல் போகலாம். பின்சில்லுக்கு முன்சில்லைவிட வலிய பேட் போடாதே. வண்டியின் பின்புறம் சுழன்றுவிடும். அந்த வெடித்த டிஸ்க்குகளையும் சேர்த்து மாற்று. தடத்துக்குப் போகும் வண்டியில் பேட் பாதி தேய்ந்ததும் கழற்றிவிட வேண்டும். மெலிந்த பேட் வெப்பத்தைத் தடுக்காமல் கலிபரின் பிஸ்டனுக்கும் பிரேக் ஒயிலுக்கும் விட்டுவிடும்.

புதுப் பேட்டைப் பழக்காமல் தடத்துக்குக் கொண்டுபோகாதே. ஆளில்லாத வீதியில் 100 இலிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை அழுத்திக் குறை, முழுதாக நிறுத்தாதே, பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓடி ஆறவிடு. அப்போதுதான் பேட்டின் பொருள் டிஸ்க்கில் மெல்லிய படலமாக ஒட்டும். தடத்திலும் கடைசிச் சில கிலோமீற்றரை மெதுவாக ஓடு. நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் விடு.

எட்டு வயதிலேயே 17 ஆம் நம்பர் ஸ்பனர் எது, 19 எது என்று பார்க்காமல் தடவி எடுத்துத் தந்தவள் நீ. நீ கலிபர் கழற்றத் தெரிந்த பெண் என்று இந்த வீதியில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் அந்த நீல வளையத்தைப் பார்த்தும் ஓடினாய் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பிரேக் ஒயிலையும் மாற்று. டொட் 4 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால் 155 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் நீராவி நிற்கும், ஆவி அமுங்கும், பெடல் கால் வைத்தபடியே கீழே போகும்.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. 2003 இல், சமாதானக் காலத்தில், நுவரெலியாவுக்குப் போய்த் திரும்பியது உனக்கு நினைவிருக்கும். றம்பொடை இறக்கத்தில் வானை மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினேன். எஞ்சின் சூடாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். முன்சில்லில் புகை வருவதைக் கண்டு நீ தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தாய். நான் உன் கையில் அடித்தேன். போத்தல் உருண்டு தேயிலைக்குள் போனது. சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்பதற்காக அடித்தேன் என்று நீ வளர்ந்த பிறகு சொன்னேன். அது பாதி உண்மை. பெடல் தரைவரை போய்விட்டிருந்தது. இரண்டாம் கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, அதை நீ பார்த்துவிடக்கூடாது என்று அடித்தேன்.

விற்றவன் மட்டமான பேட் தந்துவிட்டான் என்று பல வருடம் சொல்லித் திரிந்தேன். பேட் மட்டும் சோர்ந்திருந்தால் பெடல் கீழே போயிருக்காது. நான்கு வருடமாக என் சொந்த வானின் பிரேக் ஒயிலை நான் மாற்றவில்லை, பிள்ளை. ஊரார் வண்டிகளுக்கெல்லாம் மாற்றினேன். உன்னையும் அம்மாவையும் ஏற்றிய வண்டிக்கு, அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிவிட்டேன். இன்றுவரை அம்மாவுக்கு இது தெரியாது. நீ விரும்பினால் சொல்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக உன் அழைப்பு வரவில்லை. வேலை இருக்கும். பேட்டும் டிஸ்க்கும் மாற்றியதும் படம் எடுத்து அனுப்பு. இம்முறை சில்லை மட்டும் எடுக்காமல் நீயும் பக்கத்தில் நின்று, இரண்டு கையும் தெரிய எடு.

அன்புடன்,
அப்பா

ஒயிலை மூடி திறந்து வைத்திருந்த போத்தலில் இருந்து ஊற்றாதே. புதுப் போத்தல் வாங்கு. நான்கு சில்லிலும் காற்றுக்குமிழி வருவது நிற்கும்வரை ஒயிலை வெளியே எடு.