களத்தைப் பெருக்கின அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நல்லா இருக்கீங்களா? இதை உங்க பேத்திதான் உங்களுக்கு வாசிச்சுக் காட்டுவா, அவ கடகடன்னு வாசிப்பா, பைய வாசிக்கச் சொல்லுங்க. உங்க பேரை எங்கயும் போடல. போன வாரம் வாசல்ல வச்சுக் கேட்டப்போ "பேரெல்லாம் எதுக்குட்டி, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்லா"ன்னு சொல்லிட்டீங்க, அதனால அக்கான்னே எழுதுறேன்.

விஷயம் இதுதான். நம்ம ஸ்கேட்டிங் கிளப் விழா மலர்ல வரலாறுன்னு ஆறு பக்கம் வந்துச்சுல்லா, அதை எழுதினது நான். மில் முதலாளிக்கு நன்றி, பந்தல் போட்டவருக்கு நன்றி, டீக்கடைக்குக் கூட நன்றி போட்டிருக்கேன். உங்களைப் பத்தி ஒரு வரி இல்ல. விழா அன்னைக்கு நீங்க பின்னாடி சேர்ல உக்காந்து மலரைப் புரட்டிப் படம் பாத்துட்டு இருந்தீங்க. ஒரு பக்கத்துல ரொம்ப நேரம் நின்னீங்க. வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை எடுத்துப் பாத்தேன். நாங்க எட்டு பேரும் முதமுதலா வரிசையா நின்னு எடுத்த போட்டோ அது. அதுல நீங்க இல்ல, ஆனா எங்க காலுக்குக் கீழ தரை முழுக்க வாரியல் தடம், மீன் செதிள் மாதிரி அரைவட்டம் அரைவட்டமா ஓரம் வரைக்கும் போகுது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

மறுநாள் காலைல, எங்களுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக் குடுத்த மாஸ்டருக்கு போன் போட்டேன். அவரு இப்போ புனலூர்ல மக வீட்டுல இருக்காரு, காதுதான் கொஞ்சம் கேக்கல. களத்துத் தரையில கீறியிருக்குற வட்டத்தைப் பத்திக் கேட்டேன். மலர்ல "மாஸ்டர் தரையில் நிரந்தர வட்டங்களை அமைத்தார்"னு எழுதியிருந்தேன்லா, அவரு உடனே "அது நான் இல்லம்மா, கீறச் சொன்னதே அவதான்"னாரு. சொல்லிட்டு, எங்கிட்ட முன்னாடியே சொல்லாம விட்டதுக்கு ரொம்ப வருத்தப்பட்டாரு. அதனாலதான் இந்த லெட்டர், மலர்ல விட்டதை எல்லாம் இதுல எழுதிடணும்.

மாஸ்டர் கொல்லத்துல ஒரு முந்திரி ஆபீஸ்ல கணக்கு எழுதிட்டு இருந்தவரு, அங்கதான் சாயங்காலம் ஒரு ஸ்கூல் கிரவுண்ட்ல ஸ்கேட்டிங் பழகினாரு. வேலையை விட்டுட்டு செங்கோட்டைக்கே திரும்பி வந்தப்போ அந்தப் பழைய மீட்டர் கேஜ் ரயில்ல, பதிமூணு கண் பாலம் வழியா, ஒரு சாக்குல ரெண்டு ஜோடி ஸ்கேட்ஸைக் கட்டிக் கொண்டுவந்தாராம். இரும்புத் தட்டு, நடுவுல ஸ்க்ரூ, காலுக்குத் தக்கன நீட்டிச் சுருக்கித் தோல் வார் போட்டு இறுக்கணும். நான் அப்போ அஞ்சாப்பு. எட்டு பிள்ளைங்களுக்கு ரெண்டே ஜோடி, அதனால ஒரு ஜோடியை ரெண்டு பேரு ஆளுக்கு ஒரு காலுன்னு மாட்டிக்கிட்டு ஒத்தக்கால்ல உருண்டோம். எங்க செட்டுக்கு ஒத்தக்கால் பேலன்ஸ் அவ்வளவு நல்லா வந்ததுக்கு அதுதான் காரணம்னு நான் இப்பவும் சொல்லுவேன்.

தரைதான் கிடைக்கல. ஒரு பள்ளிக்கூடத்துல வீல் பட்டா சிமெண்டு கீறிரும்னு கேட்டை மூடிட்டாங்க. அப்புறம்தான் மாஸ்டர் புளியரை போற ரோட்டுல இருந்த ரைஸ் மில்லுக்குப் போயி நெல்லு காயப்போடுற களத்தைக் கேட்டாரு. முதலாளி சரின்னாரு, ஆனா அஞ்சு மணிக்கு மேல, நெல்லைக் குவிச்ச பிறகு. மலர்ல இது வரைக்கும்தான் எழுதினேன். குவிக்கிறது யாரு, பெருக்குறது யாருன்னு யோசிக்கவே இல்ல.

ஸ்கேட்டிங் தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஒரே ஒரு நெல்லு போதும். வீல் உருண்டு போயிட்டே இருக்கும், முன் வீலுக்கு அடியில ஒரு நெல்லு சிக்குச்சுன்னா அந்த வீல் சட்டுன்னு நின்னுரும், ஆளு நிக்காது. என் தாடையில இருக்குற தழும்பு அப்படி வந்ததுதான், அன்னைக்கு நீங்க லீவு, வேற யாரோ பெருக்கியிருந்தாங்க. மறுநாள் வந்ததும் என்னைப் பிடிச்சு உக்கார வச்சு, "ஒழுங்கா பெருக்காம பிள்ளைங்களை எறக்கி விட்டிருக்காளுவ"ன்னு யாரையோ திட்டிக்கிட்டே முகத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தீங்க. அதுக்கப்புறம் நீங்க ரெண்டு தடவை பெருக்க ஆரம்பிச்சீங்க. முதல்ல நீள வாரியல், அப்புறம் குனிஞ்சு கை வாரியல், விரிசல்ல ஒட்டியிருக்கிற நெல்லை ஈர்க்குச்சியால நோண்டி எடுத்து மடியில போட்டுக்கிடுவீங்க. அந்த ரெண்டாவது தடவைக்குக் கூலி கிடையாதுன்னு எனக்கு இப்போதான் தெரியும்.

இப்போ வட்டத்துக்கு வர்றேன். பேத்திக்கும் இது தெரியணும், அவ இப்போ பழகுறது அதுலதானே.

ஃபிகர் ஸ்கேட்டிங்கிற பேரே தரையில விழுற கோட்டுல இருந்து வந்ததுதான். ஐஸ்ல ஒத்தக்கால்ல எட்டு மாதிரி வட்டம் போட்டுட்டு, அதே கோட்டு மேல திரும்பத் திரும்பப் போகணும், ஜட்ஜ் குனிஞ்சு கோடு எவ்வளவு ஒட்டி விழுந்திருக்குன்னு பாப்பாங்க. ஐஸ் உலகப் போட்டியில இதை 1990-ஓட எடுத்துட்டாங்க. ஆனா நாலு வீல் ஸ்கேட்ஸ்ல அதுக்கப்புறமும் தனிப் போட்டியாவே இருந்துச்சு, அங்க கோடு முன்னாடியே தரையில போட்டிருக்கும், அதை விடாம வீல் போகணும். பெரிய வட்டம் ஆறு மீட்டர் அகலம். மாஸ்டர் நடுவுல ஒரு கட்டாணியை வச்சு, மூணு மீட்டர் கயிறைக் கட்டி, மறுமுனையில கோலமாவு டப்பாவைப் பிடிச்சு சுத்தி வருவாரு. காலைல நெல்லு கொட்டினா எல்லாம் அழிஞ்சு போகும். ஒரு நாள் மாவு நெல்லோட கலக்குதுன்னு மேஸ்திரி பெரிய சத்தம் போட்டு, இனிமே யாரும் உள்ள வரக்கூடாதுன்னுட்டாரு. கிளப் அன்னைக்கே முடிஞ்சிருக்கும் அக்கா. நீங்க ஓரமா நின்னவங்க, "மாவு எதுக்கு சார், அந்த ஆணியாலயே லேசாக் கீறி விடுங்களேன், நெல்லுக்கும் தெரியாது வீலுக்கும் தெரியாது"ன்னு சொன்னீங்களாம். அன்னைக்குக் கீறின மூணு வட்டமும் இன்னைக்கு வரைக்கும் இருக்கு, தண்ணி தெளிச்சா இன்னும் பளிச்சுன்னு தெரியும். உங்க பேத்தி அந்தக் கோட்டு மேலதான் போறா.

இன்னொண்ணு. நெல்லைக் காய வைக்க நீங்க சேலையைத் தூக்கிச் செருகிட்டு காலால துழாவிக்கிட்டே போவீங்கல்லா, பாதத்தை எடுக்காம இழுத்து இழுத்து, பின்னாடி ரெண்டு கோடு ஒரே இடைவெளியில வளைஞ்சு வளைஞ்சு வரும். மூலைக்குப் போனதும் உடம்பை உள்பக்கம் சாய்ச்சு, முட்டியை மடக்கி, நிக்காமலே திரும்புவீங்க. மாஸ்டர் எங்களை வரிசையா உக்கார வச்சு "அந்தம்மா காலைப் பாருங்க"ன்னுவாரு. நாங்க சிரிச்சோம், அவரு சிரிக்கல. ஸ்கேட்ஸும் அப்படித்தான், திருப்ப ஸ்டியரிங் கிடையாது. 1863-ல பிளிம்ப்டன்னு ஒரு அமெரிக்கக்காரரு வீலுக்கும் தட்டுக்கும் நடுவுல ரப்பர் வச்சு பேட்டன்ட் வாங்கினாரு, நாம எந்தப் பக்கம் சாய்றோமோ அந்தப் பக்கம் வீல் தானா திரும்பும். சாயப் பயந்தா நேராத்தான் போகணும். சரியாச் சாய்ஞ்சா சத்தம் ஒரே மாதிரி ர்ர்ர்ன்னு வரும், பயந்து நிமிந்தா சத்தம் மாறிரும், மாஸ்டர் திரும்பிப் பாக்காமலே யாரு நிமிந்தான்னு சொல்லிருவாரு.

சாரல் சீசன்ல கிளாஸ் கிடையாது. ஆனியில இருந்து ஆவணி வரைக்கும் ஆரியங்காவு கணவாய் வழியா காத்தும் தூறலும் வந்துட்டே இருக்கும், களம் பாசி பிடிச்சுரும். அப்போ குடோன்ல மூட்டை மேல உக்காந்து மாஸ்டர் கதை சொல்லுவாரு. ஜாக்சன் ஹெய்ன்ஸ்னு ஒரு டான்ஸரு, அவரு ஆடினது அமெரிக்காவுல எடுபடலன்னு வியன்னா போயி, மியூசிக்குக்கு ஐஸ்ல ஆடிக் காட்டினாரு, உக்காந்து சுத்துற ஸ்பின் அவரு கண்டுபிடிச்சது. எனக்குப் பிடிச்சது மேட்ஜ் சையர்ஸ் கதை. 1902-ல லண்டன்ல உலகப் போட்டி, பொம்பளைங்க கலந்துக்கக் கூடாதுன்னு ரூல்ல எங்கயும் இல்ல, ஏன்னா அப்படி ஒருத்தி வருவான்னே யாரும் நினைக்கல. அவங்க போயி நின்னாங்க, ஒருத்தரைத் தவிர மத்த ஆம்பளைங்க எல்லாரையும் தாண்டி ரெண்டாவது இடம், முதல் இடம் உல்ரிக் சால்ஷோ, அவரு பேருலதான் இப்போ ஒரு ஜம்ப்பே இருக்கு. உடனே பொம்பளைங்க வரக்கூடாதுன்னு ரூல் போட்டாங்க. சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, நீளப் பாவாடை காலை மறைக்குது, ஜட்ஜுக்குத் தெரியலங்கிறது. அப்புறம் 1906-ல பெண்களுக்குத் தனிப் போட்டி வந்துச்சு, அதுலயும் அவங்கதான் ஜெயிச்சாங்க, 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல தங்கம். இந்தக் கதையைச் சொன்னப்போ நீங்க குடோன் வாசல்ல சாக்கு தைச்சுட்டு இருந்தீங்க. "பாவாடையைத் தூக்கிச் செருகினா முடிஞ்சுது, இதுக்குப் போயி ரூலா"ன்னீங்க. வீட்டுல எங்க ஆச்சி பேன்ட் போட்டு ஆடக்கூடாதுன்னு நின்னப்போ இதையேதான் நான் சொல்லிப் பாத்தேன், அடிதான் கிடைச்சது.

2010 நல்லா ஞாபகம் இருக்கு. செப்டம்பர்ல அகலப் பாதைக்காக நம்ம ரயிலை நிறுத்திட்டாங்க, 2018 வரைக்கும் கொல்லம் போகணும்னா பஸ்ல தென்மலை வளைவெல்லாம் சுத்தணும், பிள்ளைங்க பாதி பேரு வாந்தி எடுத்துட்டுத்தான் போட்டிக்குப் போய் இறங்குவாங்க. அதே வருஷம் நவம்பர்ல சீனாவுல குவாங்சோ ஏஷியன் கேம்ஸ், ஹைதராபாத் பையன் அனூப்குமார் யாமா ஆர்டிஸ்டிக் ஸ்கேட்டிங்ல வெண்கலம், அவனி பஞ்சால்கூட சேந்து ஜோடியிலயும் ஒரு வெண்கலம். நாலு வீல்ல ஆடுறதுக்கு நம்ம நாட்டுக்கு மெடல்! மாஸ்டர் அன்னைக்கு பேப்பரைக் கொண்டுவந்து மில் கதவுல பசை போட்டு ஒட்டினாரு.

மலர்ல அதுக்கப்புறம் வர்ற வருஷங்களை "பொற்காலம்"னு எழுதியிருக்கேன். அக்கா, அந்த வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கிடுறேன். டிரையர் வச்ச பெரிய மில்லுங்க வந்துச்சு, ஈர நெல்லை மெஷின்லயே காய வச்சிருவாங்க, வெயிலும் வேண்டாம் களமும் வேண்டாம். நம்ம மில்லு ஓட்டம் குறைஞ்சு நின்னே போச்சு. களம் காலியாச்சு, எங்களுக்குக் காலையிலயும் கிளாஸ், பங்குனி அறுவடைக்கும் லீவு இல்ல, அந்த ரெண்டு மூணு வருஷத்துலதான் நம்ம பிள்ளைங்க ஸ்டேட் வரைக்கும் போனாங்க. எங்களுக்கு நாள் முழுக்கத் தரை கிடைச்சது, உங்களுக்கும் கூட வேலை பாத்த ஆறு பேருக்கும் கூலி போனதாலதான். நீங்க பீடி சுத்தப் போனீங்க, அப்புறம் நூறு நாள் வேலை. அந்த வழியாப் போகும்போது கேட்டுப் பக்கம் நின்னு எட்டிப் பாப்பீங்க, ஒரு தடவை உள்ள வந்து பிள்ளைங்க கையில இருந்த வாரியலைப் பிடுங்கி "இப்படியா பெருக்குவிய"ன்னு ஒரு மூலை முழுக்கப் பெருக்கிக் காமிச்சுட்டுப் போனீங்க. நான்தான் அன்னைக்கு கிளாஸ் எடுத்தேன். காபி குடிச்சிட்டுப் போங்கன்னுகூடச் சொல்லல.

இப்போ நிலைமை உங்களுக்கே தெரியும். வர்ற பிள்ளைங்க எல்லாம் இன்லைன் ஸ்பீடுதான் கேக்காங்க, வீல் எல்லாம் ஒரே வரிசையில இருக்குற ஸ்கேட்ஸ்ல வேகமா ஓடுற போட்டி அது. 2025-ல நம்ம சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டர்ல உலக சாம்பியன் ஆனதுல இருந்து இன்னும் கூடுதல், அதுல எனக்கு சந்தோஷம்தான், அவரு ஓடினதை நானே எத்தனை தடவை போட்டுப் பாத்திருக்கேன். ஆனா வட்டத்துல பழக ஏழு பிள்ளைங்கதான் இருக்கு, அதுல ஒருத்தி உங்க பேத்தி. அவளுக்கு யாரும் சொல்லித் தராமலே திரும்புற இடத்துல முட்டி மடங்குது.

மலரை இனி மாத்த முடியாது, அடிச்சாச்சு. ஆனா கிளப் ரூம்ல ஒரு கணக்கு நோட்டு இருக்கு, அதுல வரலாறை முதல்ல இருந்து திரும்ப எழுதப் போறேன். அதுக்கு உங்ககிட்ட கேக்க வேண்டியது நிறைய இருக்கு. களத்துக்கு முதல்ல சிமெண்டு போட்டது யாரு, நீங்க வேலைக்குச் சேந்தப்பவே இருந்துச்சா? கிழக்கு மூலையில விரிசல்ல வேற நிறத்துல ஒரு பூச்சு இருக்கே, மாஸ்டருக்கு ஞாபகம் இல்ல, அது யாரு பூசினது? கூட வேலை பாத்த ஆறு பேரு இப்போ எங்க இருக்காங்க, அவங்க பேரை நோட்டுல போடலாமா, அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுவீங்களா? அந்த ரெண்டாவது தடவை பெருக்க எவ்வளவு நேரம் ஆகும்? பேத்தி போன்ல வாய்ஸ் மெசேஜா அனுப்பிருங்க, எவ்வளவு நீளமா இருந்தாலும் பரவால்ல. இல்லன்னா சனிக்கிழமை அஞ்சு மணிக்கு அவளை விட வரும்போது கேட்டோட நிக்காம உள்ள வாங்க, சேர் போட்டு வைக்கிறேன், காபியும் இருக்கும்.

இப்படிக்கு,
தாடைத் தழும்புக்காரி
செங்கோட்டை