அளவு கொடுத்துத் தைத்தவன் ஒரே மாதிரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் தெரு ஃபேஷன் கட்டுரையில், 'டெய்லரிடம் அளவு கொடுத்து ஒரே மாதிரிச் சட்டை போட்ட தலைமுறை போய், இன்ஸ்டா குழுக்களில் தனக்கென ஒரு ஸ்டைல் தேடும் தலைமுறை மதுரைக்கும் வந்துவிட்டது' என்று எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆளுக்கு ஆள் டேப் பிடித்து, இடது தோள் அரை இஞ்ச் இறங்கியிருந்தால் அதையும் நோட்டில் குறித்து வெட்டுவது ஒரே மாதிரி; ஊருக்கே நாலைந்து சைஸில் பார்சலில் வந்து இறங்குவது தனி ஸ்டைல். கூடவே போட்ட படங்களைத் தாங்களே இன்னொரு முறை பாருங்கள். எல்லோரும் கருப்பு ஓவர்சைஸ் டீசர்ட், பழுப்பு கார்கோ பேண்ட், வெள்ளை ஷூ. பின்னால் திருமலை நாயக்கர் மஹால் தூண். கேட்டரிங் பையன்களுக்கு யூனிஃபார்ம் கொடுத்த மாதிரி இருக்கிறது.

அந்தக் குழுக்களில் யாராவது பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் நின்றால், 'என்ன அங்கிள்', 'ஷூ ஃபர்ஸ்ட் காப்பியா' என்று வந்து விழுகிறது. அடுத்த படத்தில் அவரும் கருப்புக்கு மாறிவிடுகிறார். டோக்கியோவின் ஹராஜுகுவில் பிள்ளைகள் தங்கள் இஷ்டத்துக்கு வெட்டிச் சேர்த்து உடுத்தியதை 1997 முதல் படமெடுத்து 'ஃப்ரூட்ஸ்' பத்திரிகை நடத்திய ஷோய்ச்சி ஆவோக்கி, படமெடுக்கும்படி உடுத்துகிறவர்கள் இல்லையென்று 2017-ல் அதை நிறுத்தினார். தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுரையாளர் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஓவர்சைஸ் என்றால் பெரிய சைஸ் வாங்குவதல்ல. மீடியம் ஆள் டபுள் எக்ஸ்எல் போட்டால் கழுத்து அகன்று பனியன் தெரியும், நீளம் தொடைக்கு இறங்கும். முறையாக வெட்டினால் கழுத்து அவர் அளவிலேயே நிற்க வேண்டும். தோளை மட்டும் பக்கத்துக்கு 2 இஞ்ச் வெளியே இழுத்து, ஆர்ம்ஹோலை, அதாவது கை சேரும் வளையத்தை, ஒன்றரை இஞ்ச் இறக்கி, கையின் மேல் வளைவைத் தட்டையாக்க வேண்டும். வளைவைக் குறைக்காமல் தைத்தால் தோளுக்குக் கீழே துணி புடைத்துக்கொண்டு நிற்கும். கழுத்தில் வைக்கும் ரிப் பட்டையைக் கழுத்துச் சுற்றளவைவிடச் சுமார் 15 சதவீதம் குறைத்து வெட்டி, இழுத்து வைத்துத் தைக்காவிட்டால் நாலு சலவையில் வாய் பிளந்துவிடும். துணி 240 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 240 கிராம், இருந்தால்தான் ஓவர்சைஸுக்கு வேண்டிய விறைப்பு வரும். சித்திரை வெயிலுக்கு 180-ஐத் தாண்டினால் முதுகு வெந்துவிடும். குழுவிலோ 240-க்குக் குறைந்தால் 'சீப்'. மலிவு சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி எடுத்தால் நூல் முறுக்கு அடங்காமல், துவைத்ததும் பக்கத் தையல் தொப்புள் பக்கம் திரும்பிக்கொள்ளும். நெஞ்சை அடைத்து, ஃபிலிமில் அச்சடித்துச் சூடு வைத்து ஒட்டும் டிடிஎஃப் பிரிண்ட் வேறு; அதற்கடியில் காற்றே போகாது.

இடுப்பு நிற்காத பேகி ஜீன்ஸோடு கடைசியில் வருவது எங்களிடம்தான். பின்பக்க நடுத் தையலில் ஒன்றரை இஞ்சுக்கு மேல் பிடித்தால் இரண்டு பாக்கெட்டும் ஒட்டிக்கொள்ளும். சொன்னால், 'ரீல்ஸ்ல நாலு இஞ்ச் பிடிக்கிறாங்களே அண்ணே' என்கிறார்கள்.

இது இன்று நேற்று வந்த வருத்தமுமல்ல. 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஸ்கிரீன் பிரிண்ட் சேலையைத்தான் படம் போடுகிறீர்கள். கையால் முடிந்து சாயம் போட்டதில் எந்த இரண்டு புள்ளியும் ஒத்திருக்காது. திருப்பிப் பார்த்தாலும் அதே அழுத்தத்தில் தெரியும். தனித்துவம் தேடிய கட்டுரையாளருக்குத் துணிக்கடைகள் இருக்கும் விளக்குத்தூண் வரை வர நேரமில்லை போலும். தீபாவளி இணைப்பில் வந்த ரவிக்கை வெட்டுப்படத்தில் தையலுக்கு விடும் அரை இஞ்சையே காணோம். அதை நம்பி வெட்டியவர்களுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்ததும் 'ஒரே மாதிரி' டெய்லர்கள்தான். அப்போது எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்திவிட்ட தையல் பக்கத்தில் அரைப் பக்கம் கொடுத்து, மேலே சொன்னபடி தோள் இறங்கிய டிராப் ஷோல்டர் வெட்டுப்படம் ஒன்றைத் தையல் விளிம்போடு வெளியிடுங்கள். அளவுகளைத் தாங்கள் போட வேண்டாம். அவரவர் எழுதிக்கொள்ளக் கட்டங்களைக் காலியாக விட்டால் போதும்.

இப்படிக்கு,
தையல்காரர், தெற்கு மாசி வீதி, மதுரை.