ஒரே மெனுவை நாற்பது முறை எழுத வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குலசேகரத்தில் வசிக்கும் என் பள்ளித் தோழர் ஒருவர், தாம் உறுப்பினராக உள்ள ஓர் அமைப்பின் இணையதளத்தில் தம் ஊர்க் கிளையின் பக்கத்தைத் தேடித் தரும்படி அண்மையில் என்னிடம் கைப்பேசியை நீட்டினார். முகப்புப் பக்கத்தின் மெனுவில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆறு வட்டங்களும் இருந்தன. திருவட்டாறு என்பதைத் தொட்டதும் குலசேகரம் கிடைத்தது. அங்கிருந்து செயற்குழுப் பக்கத்துக்குப் போனால், அதே மெனுவில் நான்கு வட்டங்கள்தான் இருந்தன. குலசேகரம் கல்குளத்துக்குக் கீழே போயிருந்தது. "நான் இப்போ கல்குளமா, திருவட்டாறா?" என்று அவர் கேட்டதற்கு அந்தத் தளத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியவில்லை.

கணினி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், வீட்டுக்கு வந்து அந்தப் பக்கங்களின் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். நாற்பதுக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஒவ்வொன்றிலும் மெனு முழுவதும் கையால் எழுதப்பட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்து ஒட்டப்பட்டிருந்தது. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என நான்கே வட்டங்கள். வெகுகாலம் அப்படியே இருந்துவிட்டு, பின்னர் கிள்ளியூரும் திருவட்டாறும் பிரிந்து ஆறாயின. தளத்தைப் பராமரிப்பவர் அந்த மாற்றத்தைச் சில பக்கங்களில் செய்திருக்கிறார், மற்றவற்றை விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாற்பது இடங்களில் ஒரே திருத்தத்தைச் செய்யச் சொன்னால் யாருக்கும் இரண்டு மூன்று இடங்கள் விட்டுத்தான் போகும்.

இந்த வேலையை நிரலிடம் விட்டிருக்க வேண்டும். மாவட்டம், அதற்குள் நாகர்கோவில், பத்மநாபபுரம் என்ற இரண்டு வருவாய்க் கோட்டங்கள், அவற்றுக்குள் வட்டங்கள், வட்டங்களுக்குள் ஊர்கள் என அணிக்குள் அணியாக (அணி என்பது ஒரே பெயரில் வரிசையாக வைக்கும் மதிப்புகளின் பட்டியல்) ஒரே ஒரு கோப்பில் எழுதிவைத்து, ஒரு மடக்கு (ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல்பகுதி) அதைப் படித்து மெனுவை உருவாக்கும்படி செய்துவிட்டால், எல்லாப் பக்கங்களும் அந்த ஒரே கோப்பிலிருந்து மெனுவைப் பெற்றுக்கொள்ளும். கிள்ளியூர் வந்தால் ஒரு வரி சேர்த்தால் போதும்.

மாணவர்கள் தடுமாறுவது இதற்கு அடுத்த படியில்தான். அணிக்குள் அணி என்றதும் மடக்குக்குள் மடக்கு என்று எழுதத் தொடங்குகிறார்கள். அதிலும் தவறில்லை, அடுக்குகளின் எண்ணிக்கை மாறாதவரை. வாழைக்குலையில் சீப்பு, சீப்பில் காய்; இதற்குமேல் உள்ளே எதுவும் கிடையாது. ஆகவே சீப்புகளுக்கு ஒரு மடக்கு, காய்களுக்கு அதனுள் ஒரு மடக்கு எழுதினால் மட்டிக்குலையானாலும் ஏத்தன்குலையானாலும் கணக்கு முடிந்துவிடும். ஆனால் இணையதளத்தின் மெனு குலையைப் போன்றது அல்ல. ஒரு வட்டத்தின்கீழ் ஊர்கள் மட்டும் இருக்கும். இன்னொன்றின்கீழ் ஊரும், ஊருக்குள் கிளைகளும், கிளைக்குள் மகளிர் பிரிவும் இருக்கும். "தொடர்புக்கு" என்பதன்கீழ் ஒன்றுமே இராது. மூன்று மடக்குகளை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதி முடித்த மறுநாளே நான்காவது அடுக்கு வந்து நிற்கும்.

அந்த அமைப்புக்குப் பொருத்தமான உவமை நம் கோதையாற்றுப் பாசனத்தில் இருக்கிறது. பேச்சிப்பாறையிலிருந்து வரும் தண்ணீர் ஒரு வயலுக்கு இரண்டு பிரிவுகளைத் தாண்டியும், இன்னொரு வயலுக்கு ஐந்தாறு பிரிவுகளைத் தாண்டியும் போய்ச் சேர்கிறது. எத்தனை பிரிவுகள் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிரிவிலும் செய்யவேண்டியது ஒன்றுதான். கிளை இருந்தால் அதற்குள் இறங்கிக் கடைமடை வரை போ, திரும்பி வந்து அடுத்த கிளையைப் பார், கிளை இல்லையென்றால் அங்கேயே நில். மெனுவை எழுதும் செயற்கூறுக்கும் (பெயர் சொல்லி அழைத்தால் தன் வேலையைச் செய்யும் நிரல்பகுதிக்கும்) இதே விதிதான்: உறுப்பின் பெயரை எழுது, அதற்குள் அணி இருந்தால் உன்னையே மறுபடி அழைத்து அந்த அணியைக் கொடு. பாடநூலில் தற்சுழற்சி என்ற பெயரில் வருவது இதுவே. பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் போன்ற நிரல்மொழியில் எழுதினால் பதினைந்து வரிகளுக்குள் அடங்கிவிடும்.

அந்தப் பதினைந்து வரிகளில் கால் இடறும் இடங்கள் உண்டு. என்னிடம் மாலை நேரத்தில் படிக்க வரும் ஒரு மாணவி எழுதிய நிரல், திரையில் பார்ப்பதற்குச் சரியாகவே இருந்தது. பத்மநாபபுரம் என்ற பெயருக்குக் கீழே நான்கு வட்டங்களும் உள்தள்ளி அழகாக நின்றன. ஆனால் உள்பட்டியை (உள்மெனுவை) மறைத்துவைத்து, சுட்டியைப் பத்மநாபபுரத்தின்மேல் வைத்தால் மட்டும் விரியும்படி செய்தபோது அது விரியவில்லை. ஒரு மணி நேரம், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் நடையலங்காரக் கோப்பைத்தான் சந்தேகப்பட்டோம். குற்றம் அங்கே இல்லை. பெயரை எழுதியவுடனே எல்ஐ என்ற ஒட்டை (பட்டியலின் ஓர் உறுப்பைக் குறிக்கும் எச்டிஎம்எல் குறியை) மூடிவிட்டு, அதற்குப் பிறகு உள்பட்டியின் யுஎல் என்ற ஒட்டை (முழுப் பட்டியலையும் குறிக்கும் குறியை) அந்த மாணவி திறந்திருந்தார். உள்பட்டி தன் எல்ஐக்கு உள்ளே இருந்தால்தான் அதன் பிள்ளையாகும். வெளியே விட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான். மூடும் வரியை, செயற்கூறை மறுபடி அழைக்கும் வரிக்குக் கீழே இறக்கியதும் மெனு விரிந்தது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பெரிய தளங்களில் இந்த விவரங்களைத் தரவுத்தளத்தில், ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண்ணும் அதன் தாய்வரியின் (மேலடுக்கில் உள்ள வரியின்) எண்ணும் கொடுத்துச் சேமிப்பார்கள். அங்கே கிள்ளியூரின் தாய்வரி எண்ணாகக் கைதவறிக் கிள்ளியூரின் எண்ணையே கொடுத்துவிட்டால், நிரல் முடிவின்றிச் சுழலும் என்றே பலரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மேலிருந்து இறங்கிவரும் செயற்கூறு அந்த வரியை எட்டவே எட்டாது. கிள்ளியூரும் அதன் ஊர்களும் பிழைச்செய்தி ஏதுமின்றி மெனுவிலிருந்து மறைந்துவிடும். இத்தகைய பிழையைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்கள் மெனுவைத் தாமே உருவாக்கித் தரும்போது இதையெல்லாம் எதற்குக் கற்பிக்க வேண்டும் என்று என் பழைய சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். உருவாக்கித் தருகின்றன என்பது உண்மை. அவற்றுக்குள்ளும் இதே தற்சுழற்சிதான் ஓடுகிறது. ஆனால் நம் ஊர்களில் சங்கங்களுக்கும் சிறு கடைகளுக்கும் தளம் அமைத்துத் தரும் இளைஞர்கள் பலர், யாரோ எழுதிய வார்ப்புருவை வாங்கி, பக்கம் பக்கமாக நகலெடுத்தே வேலையை முடிக்கிறார்கள். மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பிஎச்பியும் பல பரிமாண அணிகளும் (அணிக்குள் அணி என்பதும் இதுதான்) இருக்கின்றன. கணினி அறிவியலில் பைத்தான் என்ற நிரல்மொழியும் தற்சுழற்சியும் இருக்கின்றன. இரண்டையும் படித்தவர்கள் ஒரே வளாகத்தில் இருந்தும், ஒன்று மற்றொன்றுக்கு உதவும் என்பதை நாம் காட்டுவதில்லை. நானும் பல ஆண்டுகள் பல பரிமாண அணிக்கு மதிப்பெண் பட்டியலையும், தற்சுழற்சிக்குத் தொடர்பெருக்கலையும் (1×2×3 என வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போவது) எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தேர்வுக்கு அனுப்பியவன்தான். செய்முறை வகுப்பில் ஒரு பாடவேளை ஒதுக்கி, மாணவரின் சொந்த வட்டத்தையும் ஊரையும் அணியாக எழுதச் சொல்லி, அதிலிருந்து மெனுவை வரவழைக்கச் சொல்லுமாறு நம் மாவட்டக் கணினி ஆசிரியர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தோழரின் அமைப்புக்கு அந்த மாணவி எழுதிய நிரலை அனுப்பிவைத்தோம். பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. செயற்குழுப் பக்கத்தில் குலசேகரம் இன்னும் கல்குளத்தில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.