பத்துத்தூண் சந்தில் ஊக்கு கொடுத்த அண்ணனுக்கு

மதுரையில் திருமலை நாயக்கர் 1636-இல் கட்டிய அரண்மனையின் இடிந்துபோன பகுதியில் மிஞ்சியவைதான் பத்துத்தூண் சந்தில் நிற்கும் அந்தக் கல்தூண்கள். தீபாவளித் துணி எடுக்க விளக்குத்தூண் பக்கம் வந்தால் அப்பா எங்களை அங்கே கூட்டிப்போகாமல் இருக்கமாட்டார். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்தாலும் விரல்கள் தொடாது. துணிப்பைகளோடு அம்மா முறைப்பது தனி.

போன ஞாயிறு, அப்பா இல்லாமல் முதல் தடவையாக அம்மாவைக் கூட்டிப்போனேன். தூணைத் தொட்டுக்கொண்டு நின்றபோது செருப்பு வார் அறுந்துவிட்டது. தள்ளுவண்டியில் ஜாக்கெட் பிட் விற்ற அண்ணே, உங்கள் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, குனிந்து வாரில் கோத்து, "நடந்து பாருங்கம்மா" என்றீர்கள். பேரைக்கூட நான் கேட்கவில்லை. ரொம்ப நன்றிண்ணே. அந்த ஊக்கு இன்னும் செருப்பில்தான் இருக்கிறது. வார் மாற்ற அம்மா விடவில்லை.