மிதப்பு நடுங்கிய உடனே இழுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் வரும் சிறுகதைகளை ஒன்றுவிடாமல் வாசிப்பவன் நான். அதைவிட்டால் எனக்குள்ள ஒரே பொழுதுபோக்கு, முத்தையன்கட்டுக் குளத்தில் தூண்டில் போடுவது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மனுசி கேட்கிறா. இருக்கிறது.

எங்கள் பக்கம் மயிலிறகுத் தண்டைத்தான் மிதப்பாகக் கட்டுவோம். ஜப்பான் மீனுக்கு, அதாவது திலாப்பியாவுக்கு, சின்ன வாய். பாண் உருண்டையை ஒரேயடியாக விழுங்காது. ஓரத்தில் கொத்திக் கொத்திப் பார்க்கும். தண்டு நடுங்கும். புதிதாக வந்த பொடியன் அப்போதே சுண்டிவிடுவான். வெறும் முள்ளுத்தான் மேலே வரும். தண்டு சரிந்து தண்ணீருக்குள் ஓடும்வரை கை சும்மா இருக்க வேண்டும்.

நம் இளம் எழுத்தாளர்கள் நடுக்கத்திலேயே சுண்டுகிறார்கள். அண்மையில் வந்த ஒரு கதையில், காணாமல்போன மகனின் சைக்கிளுக்குத் தகப்பன் மாதாமாதம் காற்றடித்து வைக்கிறார். அருமையான இடம். அடுத்த வரியே "அவர் நெஞ்சில் ஆறாத ரணம்" என்று வந்துவிடுகிறது. அந்தப் பம்பை இன்னும் நாலு தரம் அடிக்க விட்டிருந்தால் ரணத்தை நானே கண்டிருப்பேனே.

குளத்தடியில் இருந்து பழகினால் காலக்கணக்கும் பிடிபடும். வடகீழ்ப் பருவமழைக்கு நிரம்பும் குளம், சிறுபோக நெல்லுக்கு மதகுத் துருசு திறந்தபின் இறங்கிக்கொண்டே போகும். ஆவணி, புரட்டாதியில் குளக்கட்டிலிருந்து தண்ணீருக்கு நடந்துதான் போக வேண்டும். ஒருவரின் கதையிலோ ஆவணியில் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்கிறது! இன்னொருவர், வெள்ளைக்காரன் காலத்துப் பாட்டனாருக்கு ஜப்பான் மீன் பொரித்துக் கொடுக்கிறார். அந்த மீனை இலங்கைக்குக் கொண்டுவந்ததே 1952இல். கற்பனை என்று சொல்லித் தப்பலாம்தான். ஆனால் குளத்தடி வாசகன் அந்த வரியோடு பத்திரிகையை மடித்துவிடுவான்.

சரி, பழி முழுவதும் எழுதுகிறவர்கள் மேல் இல்லை. முன்பு கதைக்கு ஒரு முழுப்பக்கம் கொடுத்தீர்கள். இப்போது நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே அரைப்பக்கம். அதற்குள் பொறுமையாக எழுது என்றால் எப்படி? மாதத்தில் ஒரு ஞாயிறாவது அந்த முழுப்பக்கத்தைத் திருப்பிக் கொடுங்கள். நகைக்கடையை விளையாட்டுப் பக்கத்துக்கு அனுப்பினால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
ஒட்டுசுட்டான்.