ஒரு பைட் தள்ளிப் பார்க்கச் சொன்னவருக்கும், உடன் நின்ற மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

பழுதான தட்டோடு போய்விட்டன என்று நினைத்த திகில் ஒலிக்கதையின் பதிவுகள் திரும்பக் கிடைத்துவிட்டன. குரல்கள், இசையின் தனித்தனித் தடங்கள், கடைசி அத்தியாயத்தின் கிசுகிசுப்பு, எல்லாமே. நடந்தது உங்களுக்குத் தெரியும், கூடவே இருந்தீர்கள். அதை மறுபடி எழுதப் போவதில்லை. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். மீட்ட கோப்புகள் யாவும் வெறும் இரைச்சலாக ஒலித்தபோது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. அப்போது முன்பின் அறிமுகமில்லாத நீங்கள் அனுப்பியது ஒரே வரி: “கோப்பு கெடவில்லை, தொடங்கும் இடம்தான் தவறு, ஒரு பைட் தள்ளிப் பாருங்கள்.” கோப்பை எண்ணும் சிற்றலகான பைட்டில் ஒன்று தள்ளியதும் குரல் வந்தது. இரைச்சல் கொஞ்சம் குறைந்து, பிறகு இன்னும் கொஞ்சம் குறைந்து என்றெல்லாம் இல்லை. முழு இரைச்சல் இருந்த இடத்தில் முழுக் குரல், அதன் பின்னால் அறையின் அமைதிகூட அப்படியே இருந்தது.

ஏன் அப்படி என்று கேட்டதற்குப் பொறுமையாக விளக்கி எழுதினீர்கள். அதை உங்கள் அனுமதியோடு இங்கே பகிர்கிறேன். இதே நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும்.

ஒலியைப் பொதுவாகச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பு 1991இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் வெளியிட்ட வடிவம். கோப்பைப் பற்றிய விவரங்கள் உள்ள தலைப்பகுதி 44 பைட், அதன் பிறகு ஒலி என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எளிய கோப்பில் அது உண்மை. ஆனால் பல ஒலிப்பதிவுக் கருவிகள் பதிவு செய்த நாள், நேரம் போன்ற விவரங்களுக்காக நடுவில் கூடுதல் பகுதி ஒன்றை எழுதும். ஒலிபரப்புத் துறைக்காக வந்த அந்தப் பகுதிக்கு மட்டும் குறைந்தது 602 பைட் போய்விடும். பதிவின் நடுவில் மின்சாரம் நின்றால், கோப்பின் அளவைக் குறிக்கும் இடம் பல நேரம் பூச்சியமாகவே நின்றுவிடும். அதைப் பார்த்த இசைப்பான் கோப்பு காலி என்று சொல்லிவிடும். ஒலி உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். கோப்பைப் படியெடுத்து, படியை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்களை எண்களாகக் காட்டும் மென்பொருள்) திறந்து 64 61 74 61 என்ற வரிசையைத் தேடுங்கள். ‘டேட்டா’ என்பதன் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகள் அவை. அடுத்த நான்கு பைட் அளவு, அதற்கடுத்த பைட்டில் ஒலி தொடங்குகிறது. அதாவது அந்த முதல் 64 இருக்கும் இடத்தோடு 8 கூட்டினால் கிடைப்பதே தொடக்க எண். ஹெக்ஸ் எடிட்டர் இடத்தைப் பதினாறடிமான எண்ணில் காட்டினால் மறக்காமல் பதின்ம எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் கோப்பு, இறக்குமதி, மூலத் தரவு என்று போய் 24 பிட், லிட்டில் எண்டியன் (சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும் வரிசை), ஒரு சானல், 48,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 48,000 மாதிரிகள்) என்று கொடுத்து, தொடக்க இடத்தில் அந்த எண்ணை இட்டால் போதும். உங்கள் கருவி எந்த அமைப்பில் பதிகிறதோ அதைத்தான் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தலைப்பகுதியே அழிந்திருந்தால்? 24 பிட் மோனோவில், அதாவது ஒரே சானலில், ஒரு மாதிரிக்கு (ஒரு கணத்தின் ஒலி அளவுக்கு) மூன்று பைட். ஆகவே தொடக்கம் 0, 1, 2 என்று மூன்றே வாய்ப்புகள். அவற்றில் ஒன்று சரியாகவே இருக்கும். சட்டைப் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டால் கடைசி வரை தள்ளியே போவதைப் போல, முதல் பைட் பிசகினால் கோப்பு முழுக்கப் பிசகும். லிட்டில் எண்டியனில் மூன்றாவது பைட்தான் ஒலியின் கனத்தைச் சுமப்பது; முதல் பைட் நுண்ணிய எச்சம் மட்டுமே. ஒன்று தள்ளிப்போனால் அந்த எச்சம் கனத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரும் பேசாத இடம்கூட முழு உயரத்துக்கு இரைவது அதனால்தான். இரண்டு தள்ளிப்போனால் வேறு மாதிரி: மிக மெல்லிய இடங்கள் மட்டும் உரக்கக் கேட்கும், குரல் சற்றே எழும்பினாலும் கிழியும். அப்படிக் கேட்டால் குரல் உள்ளே இருக்கிறது என்று தைரியமாக அடுத்த எண்ணுக்குப் போகலாம். ஸ்டீரியோவில் ஆறு வாய்ப்புகள். அவற்றில் இரண்டு நன்றாகவே ஒலிக்கும், ஒன்றில் இடமும் வலமும் மாறியிருக்கும்.

மாதிரி வீதத்தில் நடக்கும் பிழையும் உண்டு. 48,000இல் பதிந்ததை 44,100 என்று கொடுத்தால் பேச்சு மெதுவாகி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். இருண்ட கதைக்கு அந்தத் தாழ்ந்த குரல் பொருத்தமாகவே தோன்றும். அப்படியே சேமித்துவிட்டு, பிறகு இசைத் தடத்தோடு பொருத்தும்போது எதுவும் சேராமல் திண்டாட வேண்டிவரும். பதிவில் ஏதாவது ஓர் இசைக்கருவியின் ஒலி இருந்தால் முதலில் அதைச் சுருதி பார்ப்பது நல்லது.

நீங்கள் சொன்னவற்றில் வேறெங்கும் படித்திராதது இது: சில கோப்புகள் பாதிவரை நன்றாகப் போய் திடீரென்று இரைச்சலாக மாறும். நினைவக அட்டையில் கோப்புகள் ஒரே அளவுள்ள துண்டுகளாக, கொத்துக் கொத்தாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கொத்து 32,768 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மூன்றால் வகுபடாது, இரண்டு மிஞ்சும். நடுவில் ஒரு கொத்து விடுபட்டாலோ அயல் கொத்து ஒன்று நுழைந்தாலோ, அங்கிருந்து கணக்கு பிசகிவிடும். இரைச்சல் தொடங்கும் இடத்தில் கோப்பை வெட்டி, மீதியை வேறு தொடக்க எண்ணோடு இறக்குமதி செய்தால் கதை தொடர்கிறது. கடைசி அத்தியாயம் முழுமையாகக் கிடைத்தது இந்த ஒரு குறிப்பால்தான். இதைச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு எதுவும் இல்லை. கேட்டது ஒரு கேள்வி, நீங்கள் தந்தது அதற்கு அப்பாலும்.

கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தீர்கள்: இரைச்சல் நீக்கியை இப்போதைக்குத் தொடாதீர்கள், முதலில் அப்படியே 24 பிட் ஃபிளாக்காக (தரம் இழக்காமல் சுருக்கும் ஒலி வடிவம்) சேமியுங்கள் என்று. மெல்லிய குரலை அழுத்தமாகச் சுத்தம் செய்தால் சொல்லின் வால் நீருக்கடியில் போய்விடும், அங்கங்கே கிணுகிணுவென்று செயற்கைச் சத்தம் முளைக்கும். திகில் கதையில் கேட்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்வது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில். அங்கே அறையின் இயல்பான ஒலி இருந்தாக வேண்டும். வெட்டிய இடத்தில் முழுப் பூச்சியம் வைத்தால் பயம் வராது, ஒலிபெருக்கி நின்றுவிட்டதோ என்றுதான் நினைப்பார்கள். ஃபிளாக் உள்ளேயே ஒலி மாறாமல் இருக்கிறதா என்று சோதிக்க உதவும் எம்டி5 கூட்டெண்ணைச் சுமந்துகொண்டு போவதால், பிற்பாடு சோதித்துப் பார்ப்பதும் சுலபம்.

மற்றவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. “எதையும் பழுது பார்க்காதீர்கள், முதலில் வட்டை முழுதாகப் படியெடுங்கள்” என்று தடுத்தவர். காலி வன்தட்டைக் கொடுத்தவர். பழுதான வட்டைப் படியெடுக்கும் குனு டிடிரெஸ்க்யூ மென்பொருளை, எந்த இடம் படிக்கப்பட்டது என்று குறித்துவைக்கும் வரைபடக் கோப்போடு ஓட்டக் கற்றுத்தந்தவர். அந்த வரைபடக் கோப்பு இல்லையென்றால் நடுவில் நிறுத்தித் தொடர முடியாது. முதல் சுற்றில் எளிதாகப் படிக்க வருவதை மட்டும் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைச் சுரண்டுவதைப் பிறகு வைத்துக்கொண்டதால் தட்டு கடைசிவரை தாங்கியது. படிக்க முடியாத இடங்கள் புதிய படியில் பூச்சியங்களாகவே நிற்பதால் பைட் கணக்கும் பிசகவில்லை. 512 பைட் போனால் போவது சுமார் 3.6 மில்லி வினாடி, ஒரு சின்னச் சொடுக்கு, அவ்வளவே. பழைய அத்தியாயங்களின் எழுத்துப் படிகளைத் தேடி அனுப்பியவர்கள், வயலின் பகுதியை மறுபடி வாசித்துத் தர முன்வந்தவர், ‘சாப்பிட்டீர்களா’ என்று மட்டும் கேட்டவர்கள், எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேவ் வடிவத்தின் அமைப்பு எல்லோரும் படிக்கும்படி எழுதப்பட்டிருப்பதால்தான் முகமறியாத ஒருவரால் பைட்டை எண்ணிச் சொல்ல முடிந்தது. மூலத் தரவை எந்தக் கேள்வியும் கேட்காமல் திறக்கும் மென்பொருள் இலவசமாகவும் கட்டற்றதாகவும் கையில் இருந்ததால்தான் அதைச் செய்ய முடிந்தது. பூட்டிய வடிவத்தில் வைத்திருந்தால் உங்கள் நல்ல மனமும் வாசலோடு நின்றிருக்கும். ஆர்டோர் போன்ற ஒலிப்பதிவு மென்பொருள்கள் அமர்வுக் கோப்பை எக்ஸ்எம்எல் உரையாகவும் ஒலியைத் தனி வேவ் கோப்புகளாகவும் வைத்திருப்பதன் அருமை இப்போது இன்னும் நன்றாகப் புரிகிறது.

இனி ஒவ்வொரு பதிவோடும் ஓர் உரைக்கோப்பு இருக்கும்: மாதிரி வீதம், பிட், சானல், ஒலி தொடங்கும் பைட், ஷா256 கூட்டெண். ஒவ்வொரு காட்சிக்கும் யாரும் பேசாத 60 வினாடி அறை ஒலி இருக்கும். மாதம் ஒருமுறை காப்புப் பிரதியிலிருந்து ஒரு கோப்பையாவது வெளியே எடுத்து, முழுதாக ஓடவிட்டுக் கேட்பேன். இது உங்கள் எல்லோருக்கும் தரும் வாக்கு.

கடைசி அத்தியாயம் வெளிவரும்போது, அதன் தனித்தடங்கள் ஃபிளாக்கில் யார் வேண்டுமானாலும் எடுத்தாளும் உரிமத்தோடு வரும். உடன் தலைப்பகுதி நீக்கிய ஒரு பயிற்சிக் கோப்பும் இருக்கும்: 24 பிட், மோனோ, 48,000 ஹெர்ட்ஸ். தொடக்க எண்ணை மட்டும் எழுதாமல் விடுகிறேன்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் ஒலிக்கதைக்காரர்